பாலிடெக்னிக்கில் படித்த என் மகனுக்கு

பிரணவ்,

நீ ஆல்பனிக்குக் குடிபோய் இன்றோடு ஒன்பது நாள். நம் வீடு இருக்கிற ரானுயியிலிருந்து ஆல்பனி ஒன்றும் கண்காணாத தேசம் இல்லை, ஒரே நகரம்தான், காரை எடுத்தால் அரை மணி நேரம்தான் என்று உன் அப்பா தினமும் எனக்கு ஆறுதல் சொல்கிறார். சொல்லிவிட்டு அவரே போய் உன் அறைக் கதவைத் திறந்து பார்க்கிறார். என்ன என்று கேட்டால், "ஜன்னல் சாத்தியிருக்கான்னு பார்த்தேன்" என்கிறார். ஒன்பது நாளாக அந்த ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது. வழக்கம்போல மூன்று லிட்டர் பால் வாங்கி வைத்தேன், பாதிக்கு மேல் திரிந்து போனது. இந்த வீட்டில் பால் குடித்தவன் நீ ஒருவன்தான் என்பது இருபது வருஷம் கழித்து இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

இந்தக் கடிதத்தை உன் போனுக்கு அனுப்பியிருக்கலாம். நம் ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை போடுகிற மலருக்கு அனுப்புகிறேன். காரணம் இருக்கிறது. உன்னைப் பற்றி நாலு பேர் முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன். ஒருநாள் இல்லை, இரண்டு வருஷம் சொன்னேன். பொய்யை ஊர் கேட்கச் சொல்லிவிட்டு, உண்மையை மட்டும் உன் காதில் ரகசியமாகச் சொல்வது நியாயம் இல்லை. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொள்வேன். அதற்கு மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று உனக்கே தெரியும்.

பள்ளிக்கூடக் கடைசி வருஷத்தில் உனக்கு யூனிவர்சிட்டிக்குப் போகிற தகுதி கிடைக்காமல் போனது. மூன்று பாடத்தில் வேண்டிய கிரெடிட், அதாவது தேர்ச்சிப் புள்ளி, வந்திருக்க வேண்டும். இரண்டில் வந்தது, பிசிக்ஸில் இரண்டே இரண்டு கிரெடிட் குறைந்தது. அன்றைக்கு நீ அழவில்லை, நான்தான் அழுதேன். திருச்சியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எட்டு வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவள் நான். என்னிடம் டியூஷன் படித்த பிள்ளைகளில் டாக்டர் ஆனவர்கள் இருக்கிறார்கள். வாத்தியார் பிள்ளை மக்கு என்று நாலு பேர் பேசுவார்களே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உனக்கு எப்படி இருக்கும் என்று ரொம்ப நேரம் கழித்துத்தான் தோன்றியது. முதலில் தோன்ற வேண்டியது அதுதான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அப்படித்தான்.

ஒரு வாரம் நீ அறையை விட்டு வெளியே வரவில்லை. எட்டாம் நாள் காலை, தலை வாராமல், கையில் லேப்டாப்போடு சமையலறைக்கு வந்தாய். நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, ஒரு ரூட் இருக்கு. பாலிடெக்னிக்ல ஆறு மாசம் ஃபவுண்டேஷன், அப்புறம் டிப்ளமா. கரெக்டான பேப்பர் எடுத்தா யூனில நேரா செகண்ட் இயர்லயே சேரலாம்" என்றாய். இங்கே ஒவ்வொரு பாடத்தையும் பேப்பர் என்று சொல்வார்கள் என்பதுகூட அப்போது எனக்குச் சரியாகப் பழகவில்லை. என் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான். "பாலிடெக்னிக்கா?" என்று கேட்டேன். நான் கேட்ட விதத்தில் உன் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் மாவைத்தான் கரைத்துக்கொண்டிருந்தேன்.

நீ பிறந்து வளர்ந்த ஊரில் அந்த வார்த்தைக்கு ஒரு பொருள், நான் வளர்ந்த ஊரில் வேறு பொருள். எங்கள் தெருவில் பாலிடெக்னிக் என்றால் பத்தாவதில் மார்க் குறைந்தவன் போகிற இடம். அங்கே படித்தவர்கள்தான் எங்கள் ஊர்த் தொழிற்சாலையையே ஓட்டினார்கள் என்பது வேறு விஷயம். கல்யாணப் பேச்சு வரும்போது "பையன் பாலிடெக்னிக்" என்று யாராவது சொன்னால், பெண் வீட்டுக்காரர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். அந்தத் தெருவை விட்டு இவ்வளவு தூரம் வந்தும், அந்தக் காபி டம்ளரை மட்டும் நான் கையோடு எடுத்து வந்திருந்தேன்.

ஃபவுண்டேஷனை நீ நன்றாகவே முடித்தாய். டிப்ளமாவுக்குப் பேப்பர் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது நான் களத்தில் இறங்கினேன். நமக்குத் தெரியாத கெமிஸ்ட்ரியா என்ற மிதப்பு எனக்கு. இந்தியக் கடையில் கொடுத்த பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, எந்தப் பேப்பர் எந்த செமஸ்டரில் என்று மூன்று கலரில் எழுதினேன். எங்கள் ஊர்க் கணக்குதான் என் மனதில் ஓடியது. மொத்த மார்க் எவ்வளவு, கட்-ஆஃப் எவ்வளவு என்பதுதான் அந்தக் கணக்கு. எந்தப் பாடம் சுலபமோ அதை எடு, மார்க்கை ஏற்று, மார்க்கைப் பார்த்து யூனிவர்சிட்டி தானாகக் கதவைத் திறக்கும். லாப் உள்ள கெமிஸ்ட்ரி பேப்பரில் மார்க் போடுகிறவர் கெடுபிடி என்று நீயே ஒருநாள் சொல்லியிருந்தாய். அவ்வளவுதான், அதை அடித்துவிட்டு அந்த இடத்தில் சுற்றுச்சூழலும் சமுதாயமும் என்ற மாதிரி ஒரு பேப்பரை எழுதினேன். அதற்கு லாப் கிடையாது, ஒரு கட்டுரையும் ஒரு பிரசன்டேஷனும்தான். உனக்கு ஏ பிளஸ் நிச்சயம்.

நீ அப்போதே சொன்னாய். "அம்மா, அந்த கெமிஸ்ட்ரி பேப்பர் பின்னாடி தேவைப்படும்னு நினைக்கிறேன்."

"இதுவும் பதினஞ்சு கிரெடிட், அதுவும் பதினஞ்சு கிரெடிட். அப்புறம் என்ன?"

"இட்ஸ் நாட் தி சேம் பதினஞ்சு, அம்மா."

"நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எனக்கே நீ சொல்லித்தர்றியா?"

உன் அப்பா சோபாவில் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தார். நீ கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்தாய். பிறகு "ஓகே" என்றாய். நீ ஓகே என்றால் சம்மதித்துவிட்டாய் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பேச்சை முடித்துக்கொள்வதற்கும் அதே வார்த்தையைத்தான் நீ சொல்வாய் என்பது பிறகுதான் புரிந்தது. உனக்கு நாளைக்குப் பிள்ளை பிறந்தால், அது சீக்கிரமாக ஓகே சொல்லும்போதெல்லாம் இன்னொரு தடவை கேள். இந்தக் கடிதத்தில் நான் தருகிற அறிவுரைகளில் இது ஒன்றுதான் என் சொந்தச் சரக்கு. மற்றதெல்லாம் உன்னிடம் படித்தது.

இனி அந்தப் பொய். நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம் தீபாவளிச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டார். அவர் மகள் மருத்துவம் படிக்கிறாள், அதை அவர் அதற்குள் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. "யூனிவர்சிட்டில சயின்ஸ்" என்று என் வாயில் வந்துவிட்டது. எப்படியும் போகத்தானே போகிறான், கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு பொய்யை நிலைநிறுத்த ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். அடுத்த விசேஷத்தில் அந்த சயின்ஸ், டாக்டர் படிப்புக்கு வாசலான பயோமெட் ஆனது. அதற்கடுத்ததில் நீ ஆராய்ச்சிகூடச் செய்ய ஆரம்பித்துவிட்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டே இருந்தேன். அந்த முதல் தடவை நீ என் பின்னால் கேசரித் தட்டோடு நின்றிருந்தாய். நான் திரும்பிப் பார்த்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு நீ எங்களோடு எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. வயசுப் பையன், கூட்டம் என்றால் கூச்சம் என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

போன ஜனவரியில் பொங்கல் விழா ஹில்ஸ்பரோவில் ஒரு ஹாலில் நடந்தது. அன்றைக்கு சனிக்கிழமை. "வேலை இருக்கு" என்று காலையிலேயே நீ கிளம்பிவிட்டாய். சூப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட் என்று நான் நினைத்துக்கொண்டேன். நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளை இல்லாமல் போகிறோமே என்று கார் முழுக்கப் புலம்பினேன். ஹாலில் எங்கள் மேஜையில் எட்டு பேர். நீ எங்கே என்று கேட்டவர்களிடம், "யூனிவர்சிட்டி லாப்ல ஏதோ ஆராய்ச்சியாம், லீவுகூட விடமாட்டேங்கிறாங்க" என்று அலுத்துக்கொண்டேன். அலுத்துக்கொள்வதுபோலப் பெருமை அடிப்பதில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது. அதில் நான் டிஸ்டிங்ஷன்.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது சிவமலர் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், கோயிலில் பார்த்துப் பழக்கம், பாலிடெக்னிக் ஒன்றில் லாப் டெக்னீஷியனாக இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாலிடெக்னிக் உன்னுடையதுதான் என்று யோசித்துப் பார்த்ததில்லை. நேராக வேலையிலிருந்து வந்தவள், என் தோளைத் தொட்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

"அக்கா, உங்கட பெடியன் இண்டைக்கு முழுக்க எங்கட லாப்பிலதான் நிண்டவன். மற்றப் பிள்ளையள் எல்லாம் போனாப்பிறகும் நிண்டு, பிப்பெட்டெல்லாம் கழுவி அடுக்கிப்போட்டுத்தான் போனவன். நல்ல வளர்ப்பு அக்கா."

மேஜையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிரணவ், அந்த நிமிஷம் எனக்கு இரண்டு வழி இருந்தது. ஆமாம் சிவமலர், அவன்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் மானம் போயிருக்கும், இரண்டாம் நிமிஷம் எல்லோரும் பாயசத்துக்குப் போயிருப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே, "எங்க பையனா? இருக்காதே. அது வேற யாராவதா இருக்கும்" என்றேன். சிவமலர் என்னைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். "ஓம், அப்ப வேற ஆளாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். என் மானத்தை அவள் காப்பாற்றிக் கொடுத்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். காக்கைகூடத் தன் குஞ்சைப் பார்த்து வேறு யாரோ என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

திரும்பி வரும்போது உன் அப்பாதான் ஓட்டினார். வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது, "அவன் எனக்கும் பிள்ளைதான். நீ மட்டும் எப்படி இல்லைன்னு சொல்லுவ?" என்றார். கல்யாணம் ஆன இருபத்து மூன்று வருஷத்தில் அவர் என்னைக் கேட்ட கேள்விகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் பொங்கல் டப்பாவை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கினேன்.

வீட்டில் நீ இருந்தாய். "பொங்கல் கொண்டு வந்தியா?" என்று கேட்டாய். நான் டப்பாவைக் கொடுத்துவிட்டு, பாலிடெக்னிக் லாப்பில் உனக்கு என்ன வேலை, அங்கேதான் எல்லாம் முடிந்துவிட்டதே என்று கேட்டேன். நீ சாப்பிட்டுக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து ஒரு மெயிலைக் காட்டினாய். யூனிவர்சிட்டியில் மாணவர்களுக்குப் பேப்பர் ஆலோசனை சொல்கிறவர் ஆகஸ்டில் உனக்கு எழுதியது. லாப் உள்ள கெமிஸ்ட்ரி பேப்பர் இல்லாமல் உன்னை இரண்டாம் வருஷத்தில் எடுக்க முடியாது, உன் மார்க் நன்றாக இருக்கிறது, ஆனால் முதல் வருஷத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும் என்று இருந்தது. பதினைந்து கிரெடிட்டும் பதினைந்து கிரெடிட்டும் ஒன்று இல்லையாம். காலண்டரின் பின்பக்கம் நான் மூன்று கலரில் போட்ட திட்டம் உன் வாழ்க்கையில் ஒரு வருஷத்தைத் தின்றிருக்கும்.

நீ அதை விடவில்லை. இங்கே கோடை வருவது ஜனவரியில்தானே, அப்போது தொடங்கி ஆறு வாரம் கோடைக்காலப் பேப்பராக அதே கெமிஸ்ட்ரியை நடத்துகிறார்கள் என்று கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் சேர்ந்திருக்கிறாய். உன் பள்ளித் தோழர்கள் எல்லாம் கடற்கரையில் கிடந்த ஆறு வாரம். ஆகஸ்டிலிருந்து ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ ஃபீல் பண்ணுவ" என்றாய். அவ்வளவுதான். நான் செய்த தப்பை நீ ஐந்து மாசம் எனக்குத் தெரியாமல் சுமந்திருக்கிறாய், அதுவும் நான் வருத்தப்படக் கூடாது என்று. அன்றைக்கு ஹாலில் நான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பது உனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் பொங்கல் வைக்கட்டுமா என்றுதான் கேட்டேன்.

அன்றைக்கு நீ இன்னொன்றும் காட்டினாய். உன் திட்டம். நான் கேலி செய்வேன் என்று நினைத்தோ என்னவோ, கொஞ்சம் தயங்கித்தான் காட்டினாய். யூனிவர்சிட்டியின் மூன்றாம் வருஷத்தில் நீ படிக்க ஆசைப்படுகிற மைக்ரோபயாலஜி பேப்பரை மேலே எழுதியிருந்தாய். அதில் உட்கார இரண்டாம் வருஷத்தில் என்ன முடித்திருக்க வேண்டும் என்பது அதன் கீழே. அதற்கு முதல் வருஷத்தில் என்ன வேண்டும் என்பது அதற்கும் கீழே. அதில் எதற்கெல்லாம் ஈடாகப் பாலிடெக்னிக் பேப்பரை ஏற்றுக்கொள்வார்கள், அதற்கு ஆதாரமாக எந்த மெயில் இருக்கிறது என்பது கடைசியில். நான் மார்க்கிலிருந்து ஆரம்பித்தேன். நீ போக வேண்டிய இடத்திலிருந்து பின்னோக்கி வந்திருந்தாய். எட்டு வருஷம் வகுப்பெடுத்தவளுக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறி, இவ்வளவு தெளிவான தலை யாருடையது, இது நம் வீட்டில்தான் வளர்ந்ததா என்று கர்வமாக இருந்தது.

ஒவ்வொரு பேப்பரின் பாடத்திட்டத்தையும், எத்தனை மணி நேரம் லாப் என்று போட்ட தாளையும், லாப் நோட்டையும் இரண்டு வருஷமாக நீ சேர்த்து வைத்ததை நான் குப்பை என்று திட்டியிருக்கிறேன். ஒருநாள் பழைய பேப்பர் எடுக்கிறவர்களுக்கு வெளியே வைக்கவும் பார்த்தேன். கடைசியில் அந்தக் குப்பையைத்தான் யூனிவர்சிட்டிக்காரர்கள் பக்கம் பக்கமாகக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். இந்தக் கடிதத்தைப் படிக்கிற வேறு பெற்றோர் யாராவது இருந்தால் சொல்கிறேன், உங்கள் பிள்ளையின் அறையை அவசரப்பட்டுச் சுத்தம் செய்யாதீர்கள். யாரோ பார்த்துக்கொள்வார்கள், ஆன்லைனில் இருக்கிறதே என்று எதையும் நம்பி விடாமல், கேட்டு எழுத்தில் வாங்கிவைக்கிற பிள்ளையைத் தொணதொணப்பு என்றும் சொல்லாதீர்கள். இதையெல்லாம் நான் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரியில் ரிசல்ட் வந்த அன்று நான் மருந்துக்கடையில் வேலையில் இருந்தேன். வயசானவர்களுக்கு ஒரு வாரத்து மாத்திரையைக் காலை, மதியம், ராத்திரி என்று குழிக்குழியாகப் போட்டு ஒட்டிக் கொடுப்போமே, அந்த வேலை. போன் அதிர்ந்தது. நீ ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பியிருந்தாய், ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இரண்டாம் வருஷம், நேரடிச் சேர்க்கை. செவ்வாய்க்கிழமைக் குழியில் இரண்டு தடவை மாத்திரையைப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் கொட்டி முதலிலிருந்து எண்ணினேன். கவுன்டரில் மருந்துக்கு நின்றிருந்த வெள்ளைக்காரத் தாத்தா, என்னம்மா ஒரே சிரிப்பு என்று கேட்டார். என் மகன் பாலிடெக்னிக்கில் படித்தான், இப்போது நேராக யூனிவர்சிட்டி இரண்டாம் வருஷம் போகிறான் என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னேன். அவர் கவுன்டரைத் தட்டிக் கைகொடுத்தார். அவர் போன பிறகுதான் உறைத்தது. பேர் தெரியாத ஒருவரிடம் அந்த வார்த்தை அவ்வளவு லேசாக வந்துவிட்டது. என் மனிதர்களிடம்தான் வரவில்லை.

அதனால்தான் நீ குடிபோன அன்று காரில் சொன்னேன். அப்பா உன் கட்டிலையும் பெட்டிகளையும் கடன் வாங்கிய வேனில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். நாம் இரண்டு பேரும் பின்னால் போனோம், நீதான் ஓட்டினாய். மடியில் உன் ரைஸ் குக்கரை வைத்துக்கொண்டு பொங்கல் அன்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். சிவமலர் சொன்னது, நான் சொன்னது, அவள் திருப்பிச் சொன்னது எல்லாம். தீபாவளியில் ஆரம்பித்ததையும் சொன்னேன். "அது எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாய். பொங்கல் கதை உனக்குத் தெரிந்திருக்கவில்லை. நீ ரோட்டையே பார்த்து ஓட்டினாய். நான் அழுதுகொண்டே, "மன்னிச்சிடு கண்ணா" என்றேன்.

நீ பொதுவாக எதற்கும் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாய். அன்றைக்குத் தமிழில் சொன்னாய், வார்த்தை வார்த்தையாக, நிறுத்தி. "என்கிட்ட சொல்லாதம்மா. அவங்ககிட்ட சொல்லு."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பேப்பர் விட்டுப்போயிருக்கிறது, அதை முடித்துவிடு என்பதுபோலத்தான் சொன்னாய். ஃப்ளாட்டுக்கு வந்ததும் குக்கரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, உன்னோடு தங்கப்போகிற பையன்களிடம் "மை மம்" என்று என்னை அறிமுகம் செய்துவைத்தாய். அவர்களில் ஒருவன், எந்த ஸ்கூலிலிருந்து வருகிறாய், செகண்ட் இயருக்கு எப்படி வந்தாய் என்று கேட்டான். பாலிடெக்னிக்கில் இரண்டு வருஷம் என்றாய், இன்று மழை வரும் என்று சொல்கிற மாதிரி. அவன் பிரிட்ஜைத் திறந்து உனக்கான தட்டு எது என்று காட்டினான். இரண்டு வருஷம் நான் மூடி மூடி வைத்தது அரை நிமிஷத்தில் முடிந்துபோனது.

நேற்று சிவமலருக்குப் போன் செய்தேன். நான் ஆரம்பிக்கும் முன்னாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "எனக்கு அண்டைக்கே விளங்கினது அக்கா. நான் ஒருத்தரோடயும் இதைப் பற்றிக் கதைக்கேல்ல. பெடியனுக்கும் சொல்லேல்ல" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். "என்னட்ட என்னத்துக்கு அக்கா? நான் பார்த்தது பார்த்ததுதானே" என்றாள். பிறகு, அந்தக் கோடை வகுப்பில் முதல் வாரம் நீ இரண்டு பரிசோதனையைக் கோட்டை விட்டதையும், மூன்றாம் வாரம் பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு நீ சொல்லிக்கொடுத்ததையும் சொன்னாள். பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டவள், குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதது எவ்வளவு இருக்கிறது! அதையெல்லாம் அன்றைக்கே அந்த மேஜையில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

இனி உனக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக அறிவுரை இல்லை. யூனிவர்சிட்டியில் உன்னோடு முதல் வருஷத்திலிருந்தே ஒன்றாகப் படித்தவர்கள் இருப்பார்கள், ஆரம்பத்தில் கொஞ்சம் ஒட்டாமல் இருக்கும். புரியாததைக் கேட்க நீ வெட்கப்பட மாட்டாய் என்று தெரியும், அதனால் எனக்குப் பயம் இல்லை. தோற்றால் வீட்டுக்கு வா. ஜெயித்தாலும் வா. ஞாயிற்றுக்கிழமை வந்தால் டப்பாவைக் கழுவிக் கொண்டு வா, லாப்பில் கழுவுகிற கைக்கு வீட்டு டப்பா மட்டும் கனக்கிறதா என்ன?

நீ சொன்னபடி இப்போது சொல்கிறேன். அந்தப் பொங்கல் மேஜையில் என்னோடு உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். நீ யூனிவர்சிட்டியில் பயோமெட் படிக்கவில்லை, ஆராய்ச்சியும் செய்யவில்லை. இரண்டு வருஷம் பாலிடெக்னிக்கில் படித்தாய், அம்மா பேச்சைக் கேட்டு ஒரு பேப்பரைத் தவறவிட்டாய், அம்மாவுக்குத் தெரியாமல் அதைப் படித்து முடித்தாய். அன்றைக்கு எல்லோரும் போன பிறகு அந்த லாப்பில் நின்று பிப்பெட் கழுவி அடுக்கியது வேறு யாரும் இல்லை.

அது நீதான். என் பிள்ளை.

அம்மா